துரைமாரின் மீன்

ட்ரவுட் நமது மண்ணின் மீனன்று. குளிர்நாட்டுச் சிற்றாறுகளில் கூழாங்கற்களிடையே முட்டையிட்டு வாழும் இனம் அது. இலங்கை மலையகத்தில் கோப்பித் தோட்டங்கள் இலைநோயால் அழிந்து தேயிலை தலையெடுத்த 1880களில், ஆங்கிலத் துரைமார் அதன் முட்டைகளைப் பனிக்கட்டியின் குளிர்ச்சியிற் பொதிந்து கப்பலில் தருவித்தனர். பழுப்பு ட்ரவுட் இங்கே தானாகப் பெருகவில்லை. பின்னர் வந்த வானவில் ட்ரவுட் ஹோர்ட்டன் சமவெளியின் ஓடைகளில் நிலைகொண்டுவிட்டது.

முட்டைக்கு வெப்பம் தாக்கலாகாது என்று இத்துணை கவலைப்பட்ட அதே வர்க்கந்தான், கோப்பிக் காலத்தில் தமிழகத்து ஏழைகளை மன்னார்க் கரையிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடத்திக் கொணர்ந்தது. வாந்திபேதியால் வழியிலேயே மாண்டவர் பலர்.

ஆயினும், இந்த மீனைப் பிடிக்கும் கலையை நான் இகழமாட்டேன். சிற்றோடையில் ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து, ஒரு கல்லின் மறைவில் நிற்கும். ஓட்டம் கொண்டுவரும் பூச்சிக்காகக் காத்திருக்கும். ஆகவே தூண்டிற்காரன் கீழிருந்து மேல்நோக்கி, குனிந்து, தன் நிழல் நீரில் விழாமல் நகரவேண்டும். இறகும் நூலும் கொண்டு கட்டிய பொய்ப்பூச்சி மெய்ப்பூச்சி போலவே மிதந்து வரவேண்டும். நூல் சற்றே இழுபட்டாலும் மீன் அறிந்துகொள்ளும். இளமையில் துரையின் மீன்கூடையைச் சுமந்த முதியவர் ஒருவர் இதையெல்லாம் எனக்குச் சொன்னார்.

"மீன் நிக்கிற எடம் தொரைக்கு எங்கங்க தெரியும், வாத்தியாரய்யா? நாங்கதான் காட்டுவோம்."

தூண்டிலை அவர் கையில் ஒருநாளும் கொடுத்ததில்லையாம். மீன் பிடிக்க அனுமதிச்சீட்டு வேண்டும். லயத்துக்கு வந்ததோ கருவாடு.

1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் அம்முதியவரைப் போன்ற இலட்சக்கணக்கானோரை நாடற்றவராக்கியது. அவர்களுடைய பாட்டன்மாருக்குப் பின்னர் வந்து சேர்ந்த மீனிடம் யாரும் பிறப்புச் சான்று கேட்கவில்லை. 'வந்தேறி' என்னும் சொல்லை மக்கள்மீது வீசக் கேட்டிருக்கிறேன். ட்ரவுட்டின்மீது வீசக் கேட்டதில்லை. அச்சமவெளிக்கே உரிய ஒருவகைச் சிற்றிறாலுக்கு இந்த மீனால் ஆபத்து என்று இன்று ஆய்வாளர் அஞ்சுகின்றனர். 1988 முதல் தேசியப் பூங்காவாக இருக்கும் இடத்தில் அது நியாயமான அச்சமே.

பூங்காவின் எல்லைக்குக் கீழே தோட்டங்கள் தொடங்குகின்றன. தேயிலைக்குத் தெளித்த மருந்து மழையோடு ஓடையில் இறங்குகிறது. கலங்கி வெதுவெதுத்த நீரில் ட்ரவுட் தங்காது. மேலே, குளிர்ந்த மடுக்களுக்கு ஏறிவிடும். லயத்துப் பெண்கள் குடத்தைக் கீழேதான் அமிழ்த்துகின்றனர்.