தேசிக்காயும் இறாலும்

மெக்சிக்கோ நாட்டின் பசுபிக் கரையிலே, சினலோவா மாநிலத்தைச் சேர்ந்த மசற்லான் என்னும் துறைமுக நகரில், ஞாயிற்றுக்கிழமைகளில் நண்பகலுக்குச் சற்று முன்னரே கடலுணவுச்சாலைகளில் இடம் கிடைப்பது அரிதாகிவிடுகின்றது. 'மரிஸ்கெரியா' என்பது இவற்றுக்கு அங்கு வழங்கும் பெயர். ஓலையாலோ தகரத்தாலோ வேய்ந்த கூரை, பியர்க் கம்பனியொன்றின் பெயர் பொறித்த பிளாஸ்ரிக் கதிரைகள், மேசைதோறும் உறைப்புச் சாறு நிறைந்த போத்தல்கள், உப்பு பிஸ்கற்றுகள், வெட்டிய தேசிக்காய் குவிந்த ஒரு கோப்பை. அலங்காரம் என்று சொல்லத்தக்கது இவ்வளவே. மாலையானதும் இவற்றுட் பல மூடப்பட்டுவிடும். விடியலிற் கரைசேர்ந்ததைப் பகலிலேயே உண்டு முடித்துவிட வேண்டும் என்பது அவ்வூராரின் கொள்கை.

அத்தகைய உணவுச்சாலையொன்றிலே, ஓகஸ்ற் மாதத்து ஞாயிறு ஒன்றில், ஒரே மேசையைச் சூழ்ந்து மூன்று தலைமுறையினர் அமர்ந்திருக்கின்றனர். முதியவர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை இறாற் படகுகளிற் கழித்தவர். மகன் கடற்கரை விடுதியொன்றிலே கணக்கெழுதுபவன். பேரப்பிள்ளைகள் இருவருக்கும் கையிலுள்ள தொலைபேசியே உலகம். உணவுப் பட்டியலை முதியவர் திறந்தும் பார்க்கவில்லை. பரிமாறும் இளைஞனிடம் ஒரேயொரு கேள்வியை மட்டும் கேட்கின்றார்:

"கடல் இறாலா, தம்பி, பண்ணை இறாலா?"

"ஓகஸ்ற் மாதமல்லவா, ஐயா?" என்கிறான் அவன்.

வினாவுக்கு வினாவே விடையாகியது. மெக்சிக்கோவின் பசுபிக் கடற்பரப்பிலே பொதுவாக மார்ச் மாதமளவில் இறால் பிடித்தல் தடைசெய்யப்பட்டு, செப்ரெம்பர் மாதமளவிலேயே மீண்டும் அனுமதிக்கப்படுகின்றது. இறால் இனப்பெருக்கம் செய்து வளர்வதற்கான இடைவெளி அது. அம்மாதங்களில் தட்டுக்கு வரும் புத்திறாலிற் பெரும்பகுதி கரையோரக் குளங்களில் வளர்க்கப்பட்டதே. சினலோவா மாநிலம் அத்தகைய பண்ணைகளுக்குப் பெயர்பெற்றது. முதியவரின் நாக்கு இரண்டையும் வேறுபிரித்தறியும். ஆயினும், அவர் தடையைப் பழிக்கவில்லை. கடலடியை வாரிச் செல்லும் இழுவலை, இறாலைப்போலப் பன்மடங்கு நிறையுள்ள சிறுமீன்களையும் அள்ளிவந்து படகின் தளத்திலே கொட்டுவதையும், அவை இறந்தபின் மீண்டும் கடலுள் வீசப்படுவதையும் கண்ணாரக் கண்டவர் அவர். நமது வடபுலக் கடற்றொழிலாளரின் துயரை அறிந்த வாசகருக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. இலங்கையில் இழுவலைத் தொழில் 2017 ஆம் ஆண்டிற் சட்டத்தினால் தடைசெய்யப்பட்டது.

முதலில் வருவது 'அகுவாச்சிலே'. மிளகாய் நீர் என்பது அச்சொல்லின் பொருள். தோலுரித்து நீளவாக்கிற் பிளந்த பச்சை இறாலின்மீது, தேசிப்புளியுடன் மிளகாயை அரைத்த சாற்றினை ஊற்றி, வெள்ளரிக்காயும் செவ்வெங்காயமும் மெல்லிதாக அரிந்து தூவி, உடனடியாகக் கொண்டுவந்து வைக்கின்றனர். அதன் உறவான 'செவிச்சே' சற்று நேரம் புளியில் ஊறவேண்டும். அகுவாச்சிலேக்கோ அந்தப் பொறுமை கிடையாது. சமையற்கட்டிலிருந்து மேசைக்கு வருவதற்குள் இறாலின் கண்ணாடி நிறம் விளிம்பிலே வெண்மையாகத் தொடங்கியிருக்கும். உண்ண உண்ண அவ்வெண்மை உள்ளே பரவும். சோளமாவினாற் செய்து மொறுமொறுப்பாக்கிய 'தொஸ்தாதா' என்னும் தட்டையான அப்பத்தின்மேல் அதனை வைத்து, ஒரு கையால் ஏந்தி, மறுகையைக் கீழே பிடித்துக்கொண்டு உண்பர். உடைந்து சிந்தாமல் உண்பது ஒரு கலை. முதியவர் அதில் வல்லவர். மகனின் மேற்சட்டையிலே முதற் கடியிலேயே சாறு சிந்திவிட்டது.

பச்சை இறாலையா உண்பது என வாசகர் முகஞ்சுளிக்கக் கூடும். புளி தசையின் புரதத்தை இறுகச் செய்கின்றதேயன்றித் தீயின் பணி முழுவதையும் அது செய்வதில்லை. கிருமிகள் யாவற்றையும் கொல்லும் வலிமை அதற்கில்லை. ஆகவே இவ்வுணவு நம்பிக்கையிலேயே தங்கியுள்ளது. முதியவரின் கேள்வியும் சுவை பற்றியது மட்டுமன்று. இளைஞன் பொய்யுரைத்திருப்பின், அடுத்த ஞாயிறு அக்குடும்பம் வேறொரு கூரையின் கீழ் அமர்ந்திருக்கும்.

மேசையிலுள்ள இரு பொருள்களின் வரலாறு ஈண்டு நோக்கற்பாலது. மிளகாய் அந்நாட்டு மண்ணுக்கே உரியது. சினலோவாவிலே 'சில்தெப்பின்' என்னும் காட்டு மிளகாய், சிறு மணிபோல் உருண்டு, நாக்கைச் சுட்டெரிக்கும். அமெரிக்கக் கண்டத்துக்குரிய அம்மிளகாயினம் போர்த்துக்கேயர் காலத்திலே கீழைத்தேயங்களை வந்தடைந்தது. அதுவரை நமது முன்னோர் காரத்துக்கு மிளகையே நம்பியிருந்தனர். மிளகாய் என்ற பெயரிலேயே மிளகு ஒளிந்திருக்கின்றது. ஈழத்திற் சில பகுதிகளில் வழங்கும் கொச்சிக்காய் என்னும் பெயரோ கொச்சித் துறைமுகத்தை நினைவூட்டுகின்றது. தேசிக்காய் எதிர்த்திசையிற் பயணஞ் செய்தது. ஆசியாவிலே தோன்றி, அராபியர் வழியாக மத்தியதரைக்கடல் நாடுகளை அடைந்து, ஸ்பானியரின் கப்பல்களில் மெக்சிக்கோவுக்குச் சென்றது. நாம் கொடுத்ததையும் நாம் பெற்றதையும் ஒரே கோப்பையிற் கலந்து, அம்மக்கள் தமது தொன்மையான உணவு என்கின்றனர். நாமும் மிளகாயின்றி ஒருவேளைச் சோறு உண்டறியோம் அல்லவா!

இதற்கிடையே வாத்தியக் குழுவொன்று வாயிலில் வந்து நிற்கின்றது. எக்காளங்கள், கிளாரினெற்றுகள், பெருமுரசு, ஒருவரின் உடலையே சுற்றி வளைத்த பித்தளைக் குழல் ஆகியவற்றுடன் கூடிய 'பந்தா' இசை சினலோவாவின் அடையாளம். மேசை மேசையாகச் சென்று, பாட்டுக்கு இவ்வளவெனப் பேசி வாசிப்பர். மெல்லிசை என்று அதனை எவராலும் கூறமுடியாது. 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே விடுதி உரிமையாளர் சிலர், இவ்வொலி விருந்தினரின் ஓய்வைக் கெடுக்கின்றதென முறையிட்டபோது, இசைஞர்கள் தங்கள் வாத்தியங்களை முழக்கியவாறே கடற்கரை வீதியிற் பேரணி நடத்தினர். வந்துபோவோரின் உறக்கமா, வாழ்வோரின் உழைப்பா என்ற வழக்கு அது. பணத்தோடு வருபவரை இழக்க எந்த நகரும் விரும்பாது. எனினும் இசையை அடக்கிய மசற்லானைக் காண எவர்தாம் வருவர்?

அவ்வழக்கு இம்மேசையிலும் அமர்ந்திருக்கின்றது. மகன் உண்பது விடுதியின் சம்பளம். முதியவர் குழுவினரைக் கையசைத்து அழைக்கின்றார். மகன் தட்டை நோக்கிக் குனிகின்றான்.

"எத்தனை பாட்டு, ஐயா?" என்கின்றார் குழல் வாசிப்பவர்.

"மூன்று. பணம் இவன் தருவான்," என்று மகனைச் சுட்டுகின்றார் கிழவர்.

மகன் ஒரு கணம் தயங்கிப் பின் சிரித்துவிடுகின்றான். முரசு அதிர்ந்ததும் போத்தல்கள் நடுங்குகின்றன. பேரப்பிள்ளைகள் தொலைபேசியை வைத்துவிட்டு நிமிர்கின்றனர். வாயிலிலே இடத்துக்காகக் காத்து நிற்போரின் கால்களும் தாளமிடுகின்றன. உண்பவர் கேளாமற் கணக்குச் சீட்டைக் கொண்டுவருதல் அந்நாட்டிலே மரியாதைக் குறைவு. மூன்றாம் பாட்டு முடிந்து, கோப்பையிலிருந்த தேசிக்காயும் தீர்ந்தபின்னர், முதியவர் இளைஞனை அழைக்கின்றார். இன்னும் கொஞ்சம் தேசிக்காய் கொண்டுவரச் சொல்கின்றார்.