கிலோவா, லிட்டரா?

திருமங்கலத்துக்கு வெளியே ஒரு மரச்செக்குக் கொட்டகை. மாடு நின்றுபோய் மோட்டார் வந்துவிட்டது. கருப்பட்டி வாசம் மட்டும் அப்படியே இருக்கிறது. எள் அரைபட்டதும் கருப்பட்டியைத் தட்டிப் போட்டு, கையில் தண்ணீர் அள்ளித் தெளிக்கிறார் செக்கு ஆட்டுபவர். மாவு திரண்டு உரலின் ஓரத்தில் ஏற, நடுவில் எண்ணெய் ஊறுகிறது. லிட்டர் நல்லெண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ எள் என்பது இவர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பிழிந்த எண்ணெய் வெயிலில் இருந்து, கசடு அடியில் தங்கிய பிறகே விற்பனைக்கு வருகிறது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் பட்டது தராசு இருந்த மேசை.

ஒரு அம்மா தூக்குவாளியை நீட்டி, "ஒரு லிட்டர் ஊத்துங்கண்ணே" என்றார்.

"நம்மகிட்ட கிலோ கணக்குத்தான்க்கா. லிட்டர்னா 910 கிராம் நிறுத்துத் தர்றேன்."

"ரெண்டும் ஒண்ணுதானே?"

"தண்ணிக்குத்தான் ஒண்ணு. எண்ணெய் லேசுல்ல!"

வாளியைத் தராசில் வைத்து, எண் பூஜ்யத்துக்கு வந்ததை அந்த அம்மாவுக்குக் காட்டிவிட்டுத்தான் ஊற்றத் தொடங்கினார். முக்கால்வாசி வேகமாக ஊற்றி, கடைசியில் நூலாக இழுத்தார். 910-ல் கை நின்றது.

நல்லெண்ணெய், கடலை எண்ணெய் இரண்டுக்குமே லிட்டருக்கு 910 கிராம் சுமாரான கணக்கு. திருப்பிப் போட்டால், ஒரு கிலோ எண்ணெய் கிட்டத்தட்ட 1.1 லிட்டர். கிலோ 400 ரூபாய் என்றால் லிட்டர் 364 ரூபாய்தான். கிலோ விலையை வாங்கிக்கொண்டு லிட்டர் அளந்து கொடுத்தால் 36 ரூபாய் போச்சு. டின்னில் வாங்குகிறவர்களுக்கு அடி இன்னும் பலம். 15 கிலோ டின்னில் சுமார் 16.5 லிட்டர் இருக்கும். 15 லிட்டர் டின்னில் 13.65 கிலோதான். பெயரளவில் இரண்டுமே 'பதினஞ்சு'. மதுரை கீழமாசி வீதியில் சரக்கு எடுக்கும் புரோட்டாக் கடைக்காரர் விலையைக் கேட்கும் முன் இதைக் கேட்டாக வேண்டும்.

படிக்கும் லிட்டருக்கும் இல்லாத ஒரு பலம் நிறுவைக்கு உண்டு: சூடு அதை ஏமாற்ற முடியாது. எண்ணெய் சூடானால் விரியும். ஒரு லிட்டர் சோயா எண்ணெய் 21 டிகிரியில் 919 கிராம், 60 டிகிரியில் 892.6 கிராம் என்று மத்திய நுகர்வோர் துறையே 2022-ல் ஓர் உத்தரவில் எடுத்துக்காட்டியது. சில நிறுவனங்கள் பாக்கெட்டில் அதிக வெப்பநிலையைப் போட்டு லிட்டர் கணக்குக் காட்டியதால் வந்த உத்தரவு அது. வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் சேர்த்து அச்சிட வேண்டும் என்று சொல்லி, 2023 ஜனவரி 15 வரை அவகாசம் கொடுத்தார்கள். எடை வித்தியாசம் டிகிரிக்கு முக்கால் கிராமுக்கும் குறைவுதான். ஆனாலும் சித்திரை வெயிலில் கொதித்த டின்னிலிருந்து லிட்டர் அளந்து வாங்குகிறவருக்கு அது நஷ்டக் கணக்கு. பாக்கெட்டின் ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கும் கிராம் எண்ணைத்தான் நான் நம்புவேன்.

குவளையில் அளப்பதில் கைச்சிக்கலும் உண்டு. எண்ணெய் குவளையின் உட்சுவரில் ஒட்டிக்கொள்ளும். முழுதும் வடியக் காத்திருக்க யாருக்கும் பொறுமை இல்லை. தேங்காய் எண்ணெயோ 24, 25 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். மார்கழிக் காலையில் மதுரையிலேயே கரண்டியால் தோண்டி எடுக்க வேண்டியிருக்கிறது, அப்புறம் எங்கே குவளையில் ஊற்றுவது?

கிளம்பும் நேரத்தில் ஒருவர் விளக்கெண்ணெய் கேட்டு வந்தார், அரை லிட்டர். அதற்கும் 910-ல் பாதியைத்தான் நிறுப்பார் என்று நினைத்தேன். செக்குக்காரர் 480 வரை ஊற்றினார். "இது கெட்டிச் சரக்குங்க, லிட்டருக்கு 960 வரும். 455-ல நிறுத்தினா அவருக்குக் கொறையுமில்ல?"