எண் இல்லாத வரிசை

எடிசன், நியூ ஜெர்ஸி

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற மடலில் இவ்வூர் வசந்தகாலத்தைப் பற்றி எழுதுவதாக வாக்களித்திருந்தேன். வாசலில் செர்ரி மரம் பூத்ததும், ஒரு வார மழையில் அத்தனை இதழ்களும் உதிர்ந்து காரின் மேல் ஒட்டிக்கொண்டதும் வாஸ்தவந்தான். ஆனால் இவ்வருஷம் அந்த வைபவத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. மார்ச் மாதக் கடைசியில் ஒரு மாலை ஏழு மணிக்கு, என் மகள் விண்ணப்பித்திருந்த பதினொரு கல்லூரிகளுள் அவள் மனம் முழுவதையும் பற்றியிருந்த ஒன்று, அவளை ஏற்கவுமில்லை, நிராகரிக்கவுமில்லை என்று கணினித் திரையில் தெரிவித்துவிட்டது.

முன்னொரு காலத்தில் இந்நாட்டில் தபால்காரர் கொண்டுவரும் உறையின் பருமனே செய்தி என்பார்கள்: கனத்த உறை என்றால் இடம், ஒற்றைத் தாள் அடங்கிய மெல்லிய உறை என்றால் அனுதாபம். இப்போது சில கல்லூரிகள் இடம் கிடைத்தவர்களுக்குத் திரையிலேயே வண்ணக் காகிதத் துணுக்குகளைப் பொழிகின்றன. என் மகளுக்கு ஒன்றும் பொழியவில்லை. மூன்று பத்திகள் வந்தன. தங்களைக் காத்திருப்போர் பட்டியலில் வைத்திருக்கிறோம், அதில் இருக்கச் சம்மதமானால் கீழே உள்ள கட்டத்தில் குறியிடுக என்பது அவற்றின் சாரம். அவள் அந்தக் கட்டத்தை ஒரு நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்தாள், பிறகு குறியிட்டாள்.

மறுநாள் கும்பகோணத்திலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டாள். வெயிட்டிங் லிஸ்ட் என்று சொன்னேன்.

"நம்பர் எத்தனைடா?"

"நம்பர் கிடையாதும்மா."

"நம்பர் இல்லாம ஒரு வெயிட்டிங் லிஸ்டா? அப்பா இருந்திருந்தா சிரிச்சிருப்பார்."

என் தகப்பனார் மாயவரம் ஜங்ஷனில் முன்பதிவு குமாஸ்தாவாக உத்தியோகம் பார்த்தவர். காத்திருப்போர் பட்டியல் என்றால் எங்கள் வீட்டில் அதற்கு ஓர் எண் உண்டு, அந்த எண் இறங்கும், இறங்கி ஆர்.ஏ.சி. ஆகும், வண்டி புறப்படுமுன் அந்நாட்களில் பெட்டியின் கதவோரத்தில் ஒட்டியிருந்த சார்ட்டில் விரலால் தடவிப் பார்த்துப் பெயரைக் கண்டுபிடித்துவிட முடிந்தது. முப்பத்தேழாம் எண்காரன் முப்பத்தாறாம் எண்காரனை வெறுக்கலாம், ஆனால் அவன் எங்கே நிற்கிறான் என்று அறிவான். இங்கே பல கல்லூரிகள் தங்கள் பட்டியலுக்கு வரிசைக்கிரமமே கிடையாது என்று மனச்சாட்சி உறுத்தாமல் அறிவிக்கின்றன. வரிசை இல்லாததைப் பட்டியல் என்று எந்த நியாயத்தில் சொல்லலாகும் என்று நான் இரண்டு வாரம் கோபத்தில் இருந்தேன்.

பிறகுதான் காரணம் விளங்கிற்று. 1975ஆம் வருஷம் பதினைந்து கல்லூரிகள் சேர்ந்து ஒரே விண்ணப்பப் படிவத்தை ஏற்படுத்திக்கொண்டன. இன்று அந்தப் படிவத்தை ஏற்கும் கல்லூரிகள் ஆயிரத்துக்கு மேல், ஒரு மாணவர் அதன் வழியே இருபது இடங்களுக்கு வரை எழுதிப் போடலாம். ஒரு பிள்ளை இருபது இடத்தில் கேட்டால், இடம் கொடுத்த கல்லூரிக்கு அந்தப் பிள்ளை வருமா வராதா என்பது எப்படித் தெரியும்? ஆயிரம் கட்டில்கள் உள்ள கல்லூரி, பாதிப் பேர்தான் வருவார்கள் என்று பழைய கணக்கைக் கொண்டு அனுமானித்து இரண்டாயிரம் பேரை அழைக்கிறது. ஆயிரத்து நூறு பேர் வந்தால் படுக்க இடமில்லை, தொள்ளாயிரம் பேர் வந்தால் கஜானாவில் துண்டு விழும். நம் கல்யாண வீடுகளில், எத்தனை இலை விழும் என்று நிச்சயமில்லாத தலைமைச் சமையற்காரர், ஒரு மரக்கால் அரிசியைக் கூடுதலாகக் களைந்து வைத்துக்கொண்டு, அதை உலையிலும் போடாமல், கொட்டவும் மனமில்லாமல், கரண்டியும் கையுமாகப் பந்தியை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாரே, அவர் நினைவுதான் எனக்கு வந்தது. என் மகள் அந்தக் களைந்து வைத்த அரிசி. அரிசி மணிகளுக்குள் வரிசை ஏது? பந்தியில் குறைவது எதுவோ அதற்கேற்ப அள்ளுவார்கள்: வாத்தியக் குழுவில் பஸூன் ஊதுகிறவர் இல்லையென்றால் பஸூன் ஊதும் பிள்ளை, இயற்பியலுக்கு ஆள் போதவில்லையென்றால் இயற்பியல் கேட்ட பிள்ளை, உபகார நிதி வற்றிவிட்டிருந்தால் முழுக் கட்டணமும் கட்டக்கூடிய பிள்ளை. கடைசியில் சொன்னது மரியாதைக் குறைவாகத் தோன்றலாம். விண்ணப்பதாரரின் பண வசதியைப் பார்ப்பதில்லை என்று பெருமை பேசும் கல்லூரிகளிலும் சில, காத்திருப்போர் விஷயத்தில் மட்டும் அதைப் பார்ப்பது மறைவான சங்கதி அல்ல.

ஆக, உண்மையில் காத்திருப்பது கல்லூரிதான். இதை அறிந்ததால் என் மனம் சாந்தமடைந்ததா என்றால் இல்லை. களைந்த அரிசிக்குச் சமையற்காரரின் சங்கடம் புரிந்து என்ன பிரயோஜனம்?

இதனிடையே தொடர்ந்த விருப்பத்தைத் தெரிவிக்கும் கடிதம் என்று ஒன்று எழுத வேண்டியிருந்தது. ஒரு பக்கத்துக்கு மிகாமல், தங்கள் கல்லூரியே என் முதல் விருப்பம், தாங்கள் அழைத்தால் நிச்சயம் வருவேன், விண்ணப்பித்த பிறகு இன்னின்னது செய்திருக்கிறேன் என்று எழுதுவது சம்பிரதாயம். "தங்கள் கீழ்ப்படிதலுள்ள" என்று முடித்து நூறு உத்தியோக விண்ணப்பங்கள் எழுதிய அனுபவஸ்தன் என்ற ஹோதாவில் நான் அவள் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, வீணை அரங்கேற்றத்தைச் சேர்க்கலாமே என்றேன்.

"அப்பா, அது பத்தாவதுல நடந்தது. ஜனவரிக்கு அப்புறம் என்ன செஞ்சேன்னு கேக்கறாங்க."

ஜனவரிக்குப் பிறகு அவள் சனிக்கிழமைதோறும் ஊர் நூல்நிலையத்தில் முதியவர்களுக்குக் கணினியில் படிவம் நிரப்பக் கற்றுக்கொடுத்திருக்கிறாள். அதை நான்கு வரிகளில் எழுதினாள். அனுப்பினாள். கிடைத்தது என்று இயந்திரம் பதில் போட்டது. மனிதர் எவரும் போடவில்லை. பதினேழு வயதுப் பெண்ணிடம் பிரேம விண்ணப்பம் ஒன்றை எழுதி வாங்கிக்கொண்டு மௌனம் சாதிப்பது, எத்தனை புகழ்பெற்ற ஸ்தாபனமானாலும், நல்ல குடும்பத்துப் பழக்கமாக எனக்குப் படவில்லை.

மே மாதம் முதல் தேதி இங்கே முகூர்த்த நாள். அன்றைக்குள் எங்கேனும் ஓரிடத்தில் முன்பணம் கட்டி உறுதி செய்துகொள்வது வழக்கம். காத்திருக்கும் இடத்திலிருந்து பிறகு அழைப்பு வந்து அங்கே போனால் கட்டிய பணம் போனதுதான். நாங்கள் ரட்கர்ஸ் சர்வகலாசாலையில் கட்டினோம். வீட்டிலிருந்து ராரிட்டன் நதியைத் தாண்டினால் நியூ பிரன்ஸ்விக். 1766இல் குவீன்ஸ் காலேஜ் என்ற பெயரில், இந்த தேசமே பிறப்பதற்குப் பத்து வருஷம் முன்னால் தோன்றிய வித்யாசாலை. அதை இரண்டாம் பட்சமாக எண்ணிய என் அகம்பாவத்தை என்னென்பது! மே முதல் தேதியன்று பள்ளிக்கூடத்தில் அவரவர் சேரப்போகும் கல்லூரியின் பெயர் பொறித்த பனியனை அணிந்து போகும் வழக்கமும் உண்டு. காலையில் அவள் அறையிலிருந்து ரட்கர்ஸின் செந்நிறப் பனியனில் வெளியே வந்தாள். அதன் முதுகில் விலைச்சீட்டு தொங்கிக்கொண்டிருந்தது. கத்தரிக்கட்டுமா என்று கேட்டேன். "சாயங்காலம் பார்த்துக்கலாம்பா" என்று சீட்டை உள்ளே மடக்கிவிட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள்.

நிச்சயதார்த்தம் ஆன பெண்ணை வேறு வீட்டார் கேட்கலாகாது என்ற மரியாதை இந்தக் கல்லூரிகளுக்குள்ளும் ஒரு காலத்தில் இருந்தது; மே முதல் தேதிக்குப் பின் பிற கல்லூரியில் சேர உறுதி செய்தவரை ஆசை காட்டி இழுக்கக் கூடாது என்று அவற்றின் சங்கம் விதி வைத்திருந்தது. அது வியாபாரப் போட்டியைத் தடுக்கும் ஏற்பாடு என்று மத்திய நீதி இலாகா ஆட்சேபிக்கவே, 2019 செப்டம்பரில் அவ்விதியை நீக்கிவிட்டார்கள். ஆனால் தங்கள் காத்திருப்போர் பட்டியலிலிருந்து அழைப்பது அன்றும் குற்றமல்ல, இன்றும் குற்றமல்ல. ஒரு கல்லூரி ஒருவரை அழைக்க, அவர் விட்டுப்போன நாற்காலிக்கு அடுத்த கல்லூரி வேறொருவரை அழைக்க, இந்தச் சங்கிலி ஜூலை வரையிலும்கூட நீளும். ஓக் ட்ரீ ரோடு மளிகைக் கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருக்கும்போது எதிர்ப்படுகிற சிநேகிதர்களுக்கு நான் இதையெல்லாம் உபந்நியாசம் செய்வதைக் கண்டு என் மனைவி அந்தப் பக்கம் வருவதையே நிறுத்திவிட்டாள். ராத்திரிகளில் நான் செய்தது இன்னும் வெட்கக்கேடு. கல்லூரிகள் வருஷந்தோறும் வெளியிடும் புள்ளிவிவரப் படிவத்தில், எத்தனை பேரைக் காத்திருக்கச் சொன்னோம், எத்தனை பேர் சம்மதித்தார்கள், எத்தனை பேரை எடுத்தோம் என்று மூன்று வரிகள் இருக்கும். ஒரே கல்லூரி ஒரு வருஷம் நூறு பேருக்கு மேல் எடுத்து மறுவருஷம் பூஜ்யம் என்று போட்டிருக்கும். அந்த மூன்று வரிகளைப் பத்து வருஷத்துக்குத் தொகுத்து, ஜாதகம் கணிப்பவனைப் போல் ஏதேனும் ஒரு கிரமம் தென்படுகிறதா என்று தேடினேன்.

ஜூன் மாதம் இரண்டாவது வாரத்தில் பதில் வந்தது. வகுப்பு நிறைந்துவிட்டது, பட்டியலை மூடிவிட்டோம், தங்கள் பொறுமைக்கு நன்றி. அப்போது நாங்கள் விடுதிக் கட்டிலுக்கான படுக்கை விரிப்பு வாங்கக் கடையில் நின்றிருந்தோம். விடுதிக் கட்டில்கள் வீட்டு ஒற்றைக் கட்டிலைவிட நீளம், எண்பது அங்குலம், அதற்கென்று தனி அளவு கேட்டு வாங்க வேண்டும். அவள் கைபேசியைப் படித்தாள், என்னிடம் நீட்டினாள், விரிப்பு நீலமா சாம்பல் நிறமா என்று தாயாரைக் கேட்கப் போய்விட்டாள். நான் அந்த இடத்திலேயே நின்று அதை மூன்று முறை படித்தேன்.

அம்மா சுவாமிமலை முருகனுக்கு ஒரு ரூபாயை மஞ்சள் துணியில் முடிந்து வைத்திருந்தது எனக்குத் தெரியும். அன்றிரவு அவளை அழைத்து, பட்டியலை மூடிவிட்டார்கள், இனி அந்த முடிச்சை அவிழ்த்துவிடலாம் என்றேன்.

"ஏன் அவுக்கணும்? வர்ற கிருத்திகைக்கு உண்டியல்லே போட்டுடறேன். குழந்தைக்குக் காலேஜ்லே இடம் கிடைக்கணும்னு முடிஞ்சேன், கிடைச்சுடுத்து. நான் என்ன, காலேஜ் பேரைச் சொல்லியாடா முடிஞ்சேன்?"

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
எடிசன்வாசி