பாதி ஃபைலும் பறந்த கிளாம்பும்

கேட்-னு சொன்னதும் வாசல்ல இருக்குற இரும்புக் கேட்டை நினைச்சுக்காதீங்க மக்களே. இது கம்ப்யூட்டர்ல மெஷின் பாகங்களை வரையுற கேட். மெக்கானிக்கல் படிச்சுட்டு பொட்டி தட்டப் போன கோடிக்கணக்கான புண்ணியவான்கள்ல நானும் ஒருத்தன். ஆபீஸ்ல ஜாவா ஆணி புடுங்குறதுதான் பொழப்பு. ஆனா சொந்தக்காரங்க யார் வீட்டு கேட் ஃபைல் படுத்துக்கிட்டாலும் போன் எனக்குத்தான் வரும். "நீதான் ரெண்டும் படிச்சவனாச்சே!"

கோயமுத்தூர் கணபதியில சித்தப்பா ஒரு சின்ன பட்டறை வெச்சிருக்கார். பம்ப் பாடி மாதிரி வார்ப்படங்களை மெஷின்ல அசையாம பிடிச்சு நிறுத்துற ஃபிக்ஸ்சர் செஞ்சு குடுக்குறதுதான் தொழில். லைசென்ஸ் காசு கட்டி மாளாதுன்னு ஃப்ரீகேடுக்கு மாறிட்டார், உபுண்டு போட்ட பொட்டியில. போன மாசம் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன்.

"கண்ணு, அசெம்ப்ளி தொறக்கவே மாட்டேங்குது. திங்கக்கிழமை பார்ட்டிகிட்ட டிராயிங் காட்டோணும்."

நடந்தது இதுதான். டிப்ளமோ முடிச்சுட்டு புதுசா சேர்ந்த பையன், மொத்த ஃபோல்டரையும் பென் டிரைவுக்கு கட்-பேஸ்ட் பண்ணியிருக்கான். திரையில வேலை முடிஞ்ச மாதிரி காட்டியிருக்கு, உருவிட்டான். லினக்ஸ்ல இது ஒரு தொல்லை. காப்பி முடிஞ்ச மாதிரி காட்டும், ஆனா கடைசிப் பகுதி இன்னும் மெமரியில உக்காந்திருக்கும். எஜெக்ட் குடுத்து, அது சரின்னு சொன்னப்புறம்தான் முழுசா இறங்கினதா அர்த்தம். காப்பியா இருந்தா பொட்டியில மூலம் இருந்திருக்கும். கட் ஆச்சே, அங்கயும் இல்ல. "நாளையிலருந்து வராத"ன்னு பையன்கிட்ட சித்தப்பா சொல்லிட்டார். அவன் பக்கத்துலயே நின்னுக்கிட்டு இருந்தது போன்லயே தெரிஞ்சுது.

ஞாயித்துக்கிழமை காலைல பஸ்ஸைப் பிடிச்சு போய்ச் சேர்ந்தேன். முதல் வேலை, பென் டிரைவை அப்படியே ஒரு இமேஜா எடுத்து வெச்சுக்கிட்டது. இனிமே நோண்டுறதெல்லாம் நகல்லதான். நேரா அசல்லயே கைய வெச்சு, இருந்ததையும் தொலைச்சவங்க கதை நிறைய கேட்டாச்சு.

கணக்கு பாத்தா மொத்தம் 43 பாகம். 31 நல்லா இருக்கு, 9 பாதியில நிக்குது, 3 வெறும் ஜீரோ பைட். அசெம்ப்ளி ஃபைலும் பாதி. ஃப்ரீகேட் ஒவ்வொரு தடவை சேவ் பண்ணும்போதும் முந்தைய பதிப்பை எஃப்சிபேக்-னு ஒரு ஃபைலா பக்கத்துலயே வெச்சுக்கும். உங்க ஃபைல் ஏதாவது படுத்துக்கிச்சுன்னா மொதல்ல அதைத் தேடுங்க, பாதிப் பேருக்கு அங்கயே வேலை முடிஞ்சுடும். நமக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்லையே, அதுவும் ஜீரோ பைட். அவ்வ்வ்வ்.

இப்பத்தான் சுவாரசியமே. ஃப்ரீகேடோட எஃப்சிஎஸ்டிடி ஃபைல்ங்கிறது வேற ஒண்ணுமில்ல, ஒரு ஜிப் ஃபைல்தான். பேர்க்கடைசியை ஜிப்-னு மாத்தினா எந்த மென்பொருள்லயும் பிரிச்சுப் பாக்கலாம். உள்ள டாகுமெண்ட்.எக்ஸ்எம்எல்னு ஒண்ணு இருக்கும். ஸ்கெட்ச்ல போட்ட கோடு, அளவு, எதை எவ்வளவு உயரம் தூக்கினோம், எங்க ஓட்டை போட்டோம், எல்லாம் அதுல எழுத்தா இருக்கும். நிறம் கிறமெல்லாம் கியுஐடாகுமெண்ட்.எக்ஸ்எம்எல்ல. அப்புறம் பிஆர்பி-னு முடியுற ஃபைல்கள்ல, செஞ்சு முடிச்ச உருவம். சமையல் குறிப்பு ஒரு சீட்டுல, சமைச்ச சாப்பாடு தனித்தனி பாத்திரத்துலன்னு வெச்சுக்கோங்க.

ஜிப்போட அட்டவணை ஃபைலோட கடைசியில இருக்கும். அதனாலதான் வால் அறுந்தா எந்த மென்பொருளும் "இது ஜிப்பே இல்ல"ன்னு கைய விரிச்சுடுது. ஆனா உள்ள இருக்குற ஒவ்வொரு ஃபைலுக்கும் முன்னாடி அதோட தலைப்பும் தனியா இருக்கு. லினக்ஸ் ஜிப் கட்டளைக்கு இரட்டை எஃப் குடுத்தா அட்டவணையை நம்பாம, தலைப்புகளைத் தேடித் தேடி கிடைச்சதை எல்லாம் புது ஜிப்பா கட்டிக் குடுக்கும். நம்ம அதிர்ஷ்டம், ஃப்ரீகேட் சேவ் பண்ணும்போது மொதல்ல எழுதுறதே அந்தக் குறிப்புச் சீட்டைத்தான். பாத்திரங்கள் அப்புறம்தான். அப்போ வால் அறுந்த ஃபைல்ல போனது சாப்பாடு, குறிப்பு பத்திரமா இருக்கு!

9 பாகத்துல 7 இப்படியே வந்துடுச்சு. தொறந்தப்ப ஒண்ணுமே தெரியல. எல்லாத்தையும் தேர்ந்தெடுத்து, திரும்ப கணக்குப் போடச் சொல்லிக் குறிச்சு, ரீகம்ப்யூட் அழுத்தினேன். பேஸ் பிளேட் கண்ணு முன்னாடி எழும்பி நின்னுச்சு. பையன் அப்பத்தான் மூச்சே விட்டான். மீதி ரெண்டும் கடையில வாங்குற டாகிள் கிளாம்போட ஸ்டெப் ஃபைல்கள். வெளியில இருந்து இறக்குன உருவத்துக்கு குறிப்பே கிடையாது, பாத்திரம் போனா போச்சு. தயாரிக்கிறவங்க சைட்டுல இருந்து திரும்ப இறக்கிக்கிட்டோம்.

அசெம்ப்ளி ஃபைல் இன்னும் சுலபமா வந்துச்சு. அதுல உருவம்னு பெருசா எதுவும் இல்ல. எந்த பாகம் எந்த ஃபைல்ல இருக்கு, எங்க உக்காரணும், யார் யாரோட ஒட்டணும், அவ்வளவுதான். கிட்டத்தட்ட ஒரு விலாசப் புத்தகம். இதைப் புரிஞ்சுக்காம, அசெம்ப்ளி ஃபைல் மட்டும் இருந்தா போதும்னு அதை மட்டும் மெயில்ல அனுப்புறவங்களை என்ன சொல்றது!

ஜீரோ பைட் ஆன 3 பாகத்தையும் பழைய பிரிண்ட் அவுட்டைப் பாத்து பையனே திரும்ப வரைஞ்சான். அளவெல்லாம் கச்சிதம். அதே பேர்ல போட்டு அசெம்ப்ளியைத் தொறந்தா, கிளாம்ப்பெல்லாம் தலைகீழா அந்தரத்துல பறக்குது!

"அண்ணா, அளவு எல்லாம் சரியாத்தானே போட்டேன்?"

சரியாத்தான் போட்டிருந்தான். ஆனா ஜாயிண்ட் அளவைப் பாக்குறதில்ல. "பிராக்கெட்டோட 6வது முகம்"னு நம்பரை எழுதி வெச்சிருக்கும். வேற வரிசையில வரைஞ்சா அந்த 6வது முகம் மேல்பக்கமா இல்லாம பக்கவாட்டா ஆயிடும். ஃப்ரீகேட்ல இந்த முக நம்பர் மாறுற வியாதி ரொம்ப நாளா உண்டு. 2024 நவம்பர்ல வந்த 1.0 பதிப்புலதான் பெருமளவு குறைஞ்சுது. ஆனா அது ஒரே பாகத்தைத் திருத்தும்போது கைகுடுக்கும். புதுசா வரைஞ்ச பாகத்துக்கு பழைய வம்சாவளி தெரியாது.

இதுக்கு மேல இன்னொரு கூத்து. பிராக்கெட்டைப் பிடிச்சு முதல் கிளாம்ப், அதைப் பிடிச்சு ரெண்டாவது, அதைப் பிடிச்சு மூணாவதுன்னு ரயில் பெட்டி மாதிரி கோர்த்திருந்தாங்க. ஒரு முகம் நம்பர் மாறினதுக்கு மொத்த ரயிலும் தடம் புரண்டுச்சு. இது பையன் செஞ்சதில்ல, அவனுக்கு முன்னாடி இருந்தவர் போட்டது. அதைச் சித்தப்பா காதுல விழுற மாதிரி ரெண்டு தடவை சொன்னேன்.

ஜாயிண்ட் எல்லாத்தையும் கழட்டிட்டு திரும்பப் போட்டோம். ஒவ்வொரு பாகத்துலயும் ஒரு எல்சிஎஸ், அதாவது அந்த பாகத்துக்குன்னு ஒரு சொந்த அச்சுக் குறி. அதையும் முகத்து மேல ஒட்டாம, பாகத்தோட மூல அச்சுல இருந்து அளவு குடுத்து நிறுத்தினோம். பேஸ் பிளேட்டை மட்டும் தரையில அறைஞ்சாச்சு. கிளாம்ப் எல்லாம் நேரா பேஸ் பிளேட்டோட குறிக்கு, ஒண்ணு இன்னொண்ணைத் தொடக்கூடாது.

அப்படியும் ஒரு சிக்கல் மிச்சம். கிளாம்ப் ஓட்டையோட இடத்தை பிளேட்டுல இருந்து எடுத்து, பிளேட் நீளத்தைத் திரும்ப கிளாம்ப் நிக்குற இடத்துல இருந்து எடுக்கப் பாத்தான். நீ முதல்ல சொல்லு, இல்ல நீ முதல்ல சொல்லுன்னு ரெண்டும் ஒண்ணையொண்ணு பாத்துக்கிட்டு நிக்கும். ஃப்ரீகேட் இந்த வட்டத்தை ஒத்துக்கவே ஒத்துக்காது. முக்கிய அளவுகளை மட்டும் ஒரு தனி ஃபைல்ல எலும்புக்கூடு மாதிரி வெச்சோம். எல்லா பாகமும் அங்க இருந்து மட்டும்தான் வாங்கணும்.

ஒரு கொசுறு: கோடுகளுக்கு நடுவுல இப்படி நிபந்தனை போடுற யோசனையை ஐவன் சதர்லேண்ட் எம்.ஐ.டி.யில ஸ்கெட்ச்பேட்னு 1963லயே செஞ்சு காட்டிட்டார். அறுபது வருஷத்துக்கு மேல ஆச்சு, நாம இன்னும் கிளாம்பைத் தலைகீழா பறக்க விட்டுக்கிட்டு இருக்கோம்.

ராத்திரி ஒன்றரை மணிக்கு, பிளேட்டை வேணும்னே 20 மில்லிமீட்டர் நீட்டிப் பாத்தோம். எல்லா கிளாம்பும் சமத்தா நகர்ந்து, நேரா நின்னுச்சு. சித்தப்பா ஒண்ணும் பேசல. பையனைப் பாத்து, "காலைல எட்டு மணிக்கு வந்துரு, பார்ட்டிகிட்ட நீதான் காட்டோணும்"னார்.

டிஸ்கி: பையன் அங்கதான் இருக்கான். அந்த பென் டிரைவ் மட்டும் இப்ப சித்தப்பாவோட சாவிக்கொத்துல தொங்குதாம். யாராவது கேட்டா, "எஜெக்ட் பண்ணத் தெரியுமா?"ன்னு கேட்டுட்டுத்தான் கழட்டிக் குடுக்குறாராம்.