மூலையில் இருந்த பொத்தான்

2012 அக்டோபரில் விண்டோஸ் 8 வந்தபோது, 1995 முதல் திரையின் இடது கீழ் மூலையில் இருந்த ஸ்டார்ட் பொத்தானைக் காணோம். உலகம் முழுக்கக் கூச்சல். கணினியே தொழிலாக இருப்பவர்கள்கூட அதை அணைப்பது எப்படி என்று தேடினார்கள். அடுத்த அக்டோபரில் 8.1 வந்தது, பொத்தானும் திரும்பி வந்தது. அன்று கத்தியவர்கள் யாரும் தங்களுக்கு வயதாகிவிட்டது என்று சொன்னதாக ஞாபகமில்லை. வடிவமைத்தவர்களைத்தான் திட்டினார்கள்.

அம்மா அப்படி இல்லை.

பீடோர் பக்கத்துத் தோட்டமொன்றில் இருபது வருஷம் பால்மரம் வெட்டியவர். தோட்டம் செம்பனைக்கு மாறி, லயங்களை இடித்து, சனங்கள் ஈப்போ, கிள்ளான், சிங்கப்பூர் என்று சிதறிய பிறகு மிஞ்சியது மாரியம்மன் கோயில் மட்டும். திருவிழா உபயப் பட்டியலை அம்மாதான் கணினியில் வைத்திருந்தார். யார் எந்த லயம், இப்போது எந்த ஊர், பேரப்பிள்ளைகள் பெயர், போன வருஷம் எத்தனை வெள்ளி. அந்தத் தோட்டம் இன்னமும் முழுசாக இருக்கிற ஒரே இடம் அந்தக் கோப்புதான்.

அம்மா கணினியைப் படித்துக் கற்கவில்லை. இடத்தை வைத்துக் கற்றார். கீழ் மூலை, அதற்கு மேலே மூன்றாவது, மஞ்சள் பை. மெனுவில் இருப்பது மலாயா ஆங்கிலமா என்பதுகூட அவருக்குப் பொருட்டில்லை. நிரையில் வெட்டியவர்களுக்கு இது புரியும். விடியுமுன், தலையில் கட்டிய விளக்கு வெளிச்சத்தில், நேற்று வெட்டிய கோட்டிலேயே உளி போய் உட்காரும். பட்டையை மெல்லிசாகச் சீவ வேண்டும், மரத்தில் காயம் படக்கூடாது. ஒரு பக்கம் தீர்ந்தால் மறுபக்கம் மாற்றுவார்கள். வெட்டிய பட்டை மறுபடி வளரட்டும் என்றுதான். அந்தக் காரணம் வெட்டுகிறவருக்கும் தெரியும்.

போன வருஷம் பழைய கணினி செத்தது. புதியதில் எல்லாம் நடுவில் வந்து நின்றன. 'காப்பி' என்ற சொல் இருந்த இடத்தில் ஒரு சின்னப் படம்.

"தம்பி, எல்லாத்தையும் நடு வீட்டுல கொண்டாந்து வெச்சிட்டானுங்க. எது எதுன்னே தெரியல."

இடது பக்கம் நகர்த்திக் கொடுத்தேன். அதற்கு வசதி இருக்கத்தான் செய்கிறது, அப்படி ஒன்று இருப்பது தெரிந்தவனுக்கு. ஆனால் இரண்டு நாள் கழித்து, "எனக்கு வயசாயிருச்சுடா, மண்டையில ஏறல" என்று மூடி வைத்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது அந்த வாக்கியத்தில்தான். மாறியது பொத்தான். கிழவியானது அம்மாவா?

இத்தனைக்கும் அவர் புதுசுக்குப் பயப்படுகிறவர் இல்லை. தமிழில் தட்டச்சு செய்வது, நம் நாட்டு முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சலின் விசைமுறையில். ரோமன் எழுத்தை ஒலிப்படி தட்டினால் தமிழ் வரும், மலாய் படித்த கைக்கு அது சுலபம். எத்தனை கணினி மாறியும் 'மாரியம்மன்' என்று வருவதற்கு விரல் போகும் வழி அவருக்கு மாறவே இல்லை. உள்ளே எதை வேண்டுமானாலும் மாற்றட்டும், பாதுகாப்புக்கு அது தேவைதான். கை பழகிய இடத்தை மாற்ற மட்டும் பட்டை வளர்வது போல ஒரு காரணம் வேண்டும். நடுவில் இருந்தால் அழகு என்பதெல்லாம் எனக்குக் காரணமாகத் தெரியவில்லை.

இந்த வருஷப் பட்டியல் நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. சிங்கப்பூரிலிருந்து ஒரு குடும்பம், தங்கள் தாத்தா எந்த லயத்தில் இருந்தார் என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தது. கோப்பில் தேடினால் ஒரு நொடி. "நீயே பாரு" என்று கணினியை என் பக்கம் தள்ளிவிட்டு, அம்மா நோட்டை எடுத்து முதல் பக்கத்திலிருந்து புரட்ட ஆரம்பித்தார்.