சீமாட்டி எரியும் மலை

“வொல்கான் லா பேதே!” என்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தால், எரிமலை வெடித்துவிட்டது என்று அர்த்தம். காரைக்காலிலிருந்து வாழ்க்கைப்பட்டு ரீயூனியன் தீவுக்கு வந்த புதிதில் இதைக் கேட்டதும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடத் தோன்றியது. இங்கே ஓட்டம் மலையை நோக்கித்தான். சோறு, கோழிக்கறி, ருகாய் என்னும் காரசாரமான துவையல், கம்பளி எல்லாவற்றையும் காரில் ஏற்றிக்கொண்டு குடும்பம் குடும்பமாகக் கிளம்பிவிடுகிறார்கள். வெப்பமண்டலத் தீவுதான், ஆனாலும் 2,300 மீட்டர் உயரத்தில் பல் கிடுகிடுக்கும்.

பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் அடிக்கடி வெடிக்கும் மலை. எரிமலைக் குழம்பு பெரும்பாலும் ஆளில்லாத பெரும் பள்ளத்துக்குள்ளேயே வழிவதால்தான் இந்தத் துணிச்சல். உச்சியில் இருப்பது தொலொமியூ வாய். 2007 ஏப்ரலில் அடியிலிருந்த குழம்பு, மலையின் கீழ்ச்சரிவில் திறந்துகொண்ட பிளவு வழியே வெளியேற, தாங்கத் தூணில்லாத கூரைபோல உச்சி வாயின் தரை 300 மீட்டருக்கும் மேல் உள்ளே இறங்கிவிட்டது. அந்தக் குழம்பு கடற்கரைச் சாலையை மூடிவிட்டுக் கடலில் விழுந்தது. இன்று அந்தச் சாலையில் போனால், கரும்பாறை வெளிகளுக்குப் பக்கத்தில் 2001, 2002, 2004, 2007 என்று ஆண்டு எழுதிய பலகைகள் நிற்கின்றன. பழைய பாறைகளில் சாம்பல் நிறப் பாசியும் பெரணியும் பிடித்திருக்கும்.

பள்ளத்தைத் தாண்டி வந்ததும் உண்டு. 1977-ல் பித்தோன் சேன்த்ரோஸ் ஊருக்குள் குழம்பு புகுந்து வீடுகளை விழுங்கியது. மக்களை முன்பே வெளியேற்றியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை. மாதா கோயிலின் வாசல்வரை வந்து, இரு பக்கமும் பிரிந்து போனது. அதற்குப் பிறகுதான், 1979-ல், மலையைக் கண்காணிக்க ஆய்வு நிலையம் அமைத்தார்கள்.

என் கணவரின் பாட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருட்டில்லை. இங்கே குடியேறிய தமிழர் வழிவந்த மால்பார் குடும்பம், தமிழ் பேச வராது, ஆனால் பாண்டியாலே என்னும் திரௌபதி அம்மனுக்குத் தீமிதிக்க 18 நாள் விரதம் இருந்தவர். மலை சிவந்தால், “மதாம் தெபாசேன் எரிகிறாள்” என்பார். நூற்றுக்கணக்கான அடிமைகளை வைத்துக் கரும்புத் தோட்டம் நடத்திய சீமாட்டிதான் மதாம் தெபாசேன். 1846-ல் இறந்தார், அடிமை முறை ஒழிந்தது 1848-ல். அடிமைகளின் சாபத்தால் அவர் ஆவி எரிமலைக்குள் வேகிறது என்பது தீவு முழுக்கச் சொல்லும் கதை. விடுதலைக்குப் பின் காரைக்காலிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்கள் அடிமைகள் விட்டுப்போன அதே கரும்புக் கொல்லைகளில் இறங்கினார்கள். கதையும் அவர்கள் வீடுகளுக்குள் வந்து சேர்ந்தது.

வில்லேல் என்ற ஊரில் அந்தச் சீமாட்டியின் பங்களா இப்போது அருங்காட்சியகம். கல்லறை சற்றுத் தள்ளிச் சிற்றாலயத்துக்குள் இருக்கிறது. அவரைப் புகழ்ந்து வெள்ளைக்காரர்கள் எழுதியவை ஏட்டில் இருக்கின்றன. எழுதப் படிக்க விடாமல் வைக்கப்பட்டவர்கள் தங்கள் தீர்ப்பை எங்கே எழுதுவார்கள்? மலையின் வாயில் எழுதினார்கள். இதைக் கட்டுக்கதை என்று ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை; நீதிமன்றம் ஏறாத வழக்கின் சாட்சியமாகவே வைத்திருக்கிறேன். என் மகள் பள்ளியில் எரிமலைப் பாடம் படித்து வந்த அன்று, பாட்டியிடம் அனுப்பி இந்தப் பாடத்தையும் கேட்கச் சொன்னேன்.