கேமரன் மலைச் சாலை: ஒரு நாட்குறிப்பு

முதல் நாள், தாப்பா

மலேசியாவில், பேராக் மாநிலத்தின் தாப்பா நகரிலிருந்து பகாங் மாநிலத்தின் கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலை, வளைவு முடியுமுன் அடுத்த வளைவு தொடங்கும் பாதையாகையால், வாகனத்தின் வேகத்தைத் தானே குறைத்துவிடுகிறது. மேற்கே மலாக்கா நீரிணை கண்ணுக்கு எட்டாத தொலைவில் இருந்தாலும், அங்கிருந்து வரும் ஈரக்காற்று, தீபகற்பத்தின் முதுகெலும்பான தித்திவங்சா மலைத்தொடரில் ஏறிக் குளிர்ந்து மேகமாவதால், பயணி காணும் மூடுபனியில் கடலுக்கும் பங்குண்டு. லாத்தா இஸ்கந்தார் அருவியைக் கடந்ததும் காற்றில் குளிர் ஏறுகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ 6 பாகை செல்சியஸ் வெப்பம் குறைவது பொதுவிதி.

இரண்டாம் நாள், சுங்கை பாலாஸ் தேயிலைத் தோட்டம்

1885இல் இப்பகுதியை அளந்த வில்லியம் கேமரனின் பெயரையே மலை தாங்கியிருப்பினும், இன்றைய காட்சியை உருவாக்கியது 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் தொடங்கிய போ தேயிலை நிறுவனமும், 1933இல் தோன்றிய பாரத் தேயிலைத் தோட்டமும், அவற்றில் உழைத்தவர்களுமே. கம்பளம் விரித்தாற்போன்ற சரிவு இயற்கையின் கொடை என்று பயணி கருதுவது பிழை. வெட்டாமல் விட்டால் மரமாக ஓங்கிவிடும் தேயிலையை இடுப்பளவில் நிறுத்துவது கவாத்து, அதாவது குறிப்பிட்ட கால இடைவெளியில் கிளைகளை வெட்டிச் செடியைத் தாழ்த்தும் வேலையாகும்; இரண்டு இலையும் ஒரு மொட்டும் சேர்ந்த கொழுந்தை இடைவிடாது பறிப்பதால்தான் அந்த மேற்பரப்பு சமமாகிறது. தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழ்த் தொழிலாளர் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், குடியிருந்து பல தலைமுறைகள் இவ்வேலையைச் செய்தனர். இன்று வங்காளதேசம், நேபாளம் போன்ற நாடுகளிலிருந்து வந்தோர், கையால் கிள்ளுவதற்கு மாற்றாக வந்த கத்தரிகளையும் பொறிகளையும் கொண்டு அதைத் தொடர்கின்றனர். பள்ளத்தாக்கின்மேல் நீட்டிக் கட்டிய தேநீர்க்கூடத்தில் படமெடுக்கும் கூட்டத்தில் இந்த உழைப்பை எண்ணுவோர் மிகச் சிலரே.

மூன்றாம் நாள், இறக்கம்

பிரிஞ்சாங் ஊரைத் தாண்டிச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் புதிய சாலை அகலமானது, விரைவானது. ஆனால் வழிநெடுகக் காய்கறிப் பண்ணைகளின் நெகிழிக் கூரைகள் மலையை மறைப்பதால், காட்சிக்காக வருவோர் தாப்பா சாலையில் ஏறுவதே சிறப்பு. வளைவில் தலைசுற்றுவோர் வயிறு நிறைய உண்டுவிட்டுப் புறப்பட வேண்டாம். பிற்பகல் மழைக்கு முன் மேலே சேர்ந்துவிடுவது நல்லது.